கறுப்பு வேட்டியும் 15 மி.மீ. லென்ஸும்

கார்த்திகை முதல் தேதி. கோவை பேரூர் படித்துறையில் புதிதாக மாலை போட்டுக்கொண்ட ஐயப்ப சாமிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். பழைய லைக்கா எம்8 டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். அதில் வாய்க்ட்லேண்டர் 15 மி.மீ. சூப்பர் வைட் ஹீலியார் என்ற அகலக் கோண லென்ஸை மாட்டிக்கொண்டு ஆசை தீர எடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ஒருவர் வேட்டி கறுப்பு, பக்கத்தில் நிற்பவர் வேட்டி கத்தரிப்பூ நிறம். பின்னால் ஒரு பெரியவர் விரித்திருந்த குடை அதைவிட ஊதா.

கோளாறு என் கேமராவில் மட்டும் இல்லை. 2006இல் வந்த எம்8 எல்லாமே அப்படித்தான். இது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, லென்ஸ் வழியே பார்க்காமல் தனி ஜன்னல் வழியே பார்த்துத் தூரம் வைப்பது; இந்த வகையில் லென்ஸின் பின்கண்ணாடி சென்சாரை ஒட்டி வந்துவிடும். ஓரத்துக்கு வரும் ஒளி மிகவும் சாய்ந்து விழும். சென்சார் மேல் கனமான கண்ணாடி இருந்தால் ஓரம் கலங்கும் என்று அதை மெல்லியதாக வைத்தார்கள். அதனால் அகச்சிவப்பு ஒளி உள்ளே கசிந்துவிடுகிறது. சில சாயங்கள், குறிப்பாகச் செயற்கை இழைத் துணிகள், நம் கண்ணுக்குக் கறுப்பாக இருந்துகொண்டே அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகின்றன. புதிதாக வாங்கியவர்களுக்கு லைக்கா இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. மூன்றாம் கையாக வாங்கிய எனக்கு எங்கிருந்து கிடைக்கும்?

புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் பி+டபிள்யூ 486 என்ற யுவி-ஐஆர் ஃபில்டரை வாங்கினேன். சாய்த்துப் பார்த்தால் சிவப்பாகப் பளபளக்கும் கண்ணாடி. ஆனால் மாட்ட இடமில்லை. என்னுடையது 1999இல் வந்த முதல் வடிவம். பக்க ஒளியை மறைக்கும், இதழ் இதழாக வெட்டிய ஹூட் லென்ஸோடே சேர்ந்தது, மரை கிடையாது. அடுத்து வந்த, லைக்கா எம் கேமராக்களில் நேரே மாட்டும் எம் மவுண்ட் வடிவத்தில் 52 மி.மீ. மரை உண்டு. இனி வாங்கப்போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மரை உள்ள வடிவத்தையே வாங்குங்கள்.

எனக்குக் கை கொடுத்தது கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. ஹூட்டின் மேல் இறுக்கமாகச் செருகும் ஒரு வளையம், அதன் முன்பக்கம் ஃபில்டருக்கு மரை. முதலில் கடைந்த அலுமினிய வளையம் மூன்று மி.மீ. நீண்டுவிட்டது, படத்தின் நான்கு மூலையிலும் கறுப்பு. "இன்னும் மெல்லிசா வேணுங்ணா" என்றேன். வளையத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தவர், "அலுமினியம்னா நெளிஞ்சுருங் தம்பி. பித்தளைல போட்டுறலாங்களா?" என்றார். நல்ல ஃபில்டர்களின் வளையமும் பித்தளைதான், மரை பிடித்துக்கொள்ளாது. அந்த வளையம் இன்றும் லென்ஸில்தான் இருக்கிறது.

வேட்டி கறுப்பானது. மூலைகள் பசுநீலமாயின.

இதைப் பலரும் ஃபில்டர் மட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இந்த ஃபில்டர் நிறத்தை உறிஞ்சுவதில்லை, மெல்லிய பூச்சுகளால் திருப்பி அனுப்புகிறது. ஒளி சாய்ந்து நுழைந்தால் அது வெட்டும் எல்லை நகர்ந்து, கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் கொஞ்சம் கடித்துவிடும். எம்8இல் 15 மி.மீ. லென்ஸுக்கு மூலை ஒளி ஏறக்குறைய 47 டிகிரி சாய்ந்து வருகிறது. 50 மி.மீ. லென்ஸில் தெரியாத குறை இதில் அப்பட்டமாகத் தெரிவது அதனால்தான். லென்ஸ் எது என்று மவுண்டில் உள்ள ஆறு புள்ளிக் குறியீட்டைப் படித்து எம்8 தானே இதைத் திருத்தும். என் லென்ஸுக்குக் குறியீடு கிடையாது. லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டரில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து, லைக்காவின் 16-18-21 ட்ரை எல்மார் லென்ஸ் என்று கேமராவை நம்ப வைத்தேன். மை அழியும்போதெல்லாம் திரும்ப வைக்க வேண்டும். மிச்சம் இருக்கும் நிறத்தைக் கார்னர்ஃபிக்ஸ் என்ற இலவச மென்பொருள் எடுத்துவிடுகிறது. வெள்ளைப் பரப்பு ஒன்றை ஒருமுறை படமெடுத்துக் கொடுத்தால் போதும்.

இனி வியூஃபைண்டர், கேமராவின் தலையில் செருகிப் படத்தின் எல்லையைப் பார்க்கும் ஜன்னல். லென்ஸோடு வந்தது 15 மி.மீ. ஃபைண்டர். ஃபிலிமுக்கு அது சரி. எம்8இன் சென்சார் 18க்கு 27 மி.மீ.தான், ஃபிலிமைவிடச் சிறியது, அதனால் படம் 1.33 மடங்கு வெட்டுப்படும். 15 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் 20 மி.மீ. லென்ஸ் அளவுக்குக் குறுகிவிடுகிறது. ஆகவே அதற்கு வேண்டியது 21 மி.மீ. ஃபைண்டர். கேமராவின் சொந்த ஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டங்களில் அகலமானதே 24தான். 21, 25 என இரண்டு சட்டங்கள் உள்ள வாய்க்ட்லேண்டரின் பிளாஸ்டிக் ஃபைண்டரை வாங்கினேன். லைக்காவின் பெரிய ஃபைண்டரை ஒரு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன், 'ஃபிராங்கன்ஃபைண்டர்' என்று பட்டப்பெயர் உள்ளது. அதில் ரசமட்டம் உண்டு, ஃபைண்டரும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் வரும் பிசகுக்கு (பேரலாக்ஸ்) தூரத்துக்கேற்ற திருத்தமும் உண்டு. மண்டபத் தூண்களை எடுக்க ரசமட்டம் பெரிய வரம். ஆனால் தெருவில் அத்தனை பெரியதைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க எனக்குப் பிடிக்கவில்லை.

பேரலாக்ஸை என் சின்ன ஃபைண்டரில் கையால் சமாளிக்கிறேன். அது லென்ஸுக்கு ஆறு செ.மீ. மேலே இருக்கிறது. 70 செ.மீ. தூரத்தில் படத்தின் உயரமே 84 செ.மீ.தான், அதனால் ஆறு செ.மீ. கணக்கில் வரும், தலைக்கு மேல் கொஞ்சம் வெட்டுப்படும். கிட்டத்தில் ஒருவர் நின்றால் கேமராவை ஒரு விரல்கடை உயர்த்திக்கொள்வேன். இந்த லென்ஸ் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணையாதது, தூரத்தை நாமே மதிப்பிட்டு வைக்க வேண்டும். லென்ஸ் துளையை எஃப் 8இல் வைத்து, தூரத்தை ஒன்றரை மீட்டருக்கு வைத்துவிட்டால் முக்கால் மீட்டரிலிருந்து தொலைவுவரை தெளிவு. பிறகு கண் ஃபைண்டரை விட்டு இறங்கவே வேண்டாம்.

வானத்தைக் கருநீலமாக்கும் போலரைசர் ஃபில்டரை இந்த லென்ஸுக்கு வாங்காதீர்கள். வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகிப் பட்டையாக நிற்கும். ஃபைண்டர் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை என்பதால் எடுக்கும்போது தெரியவும் தெரியாது.

எம்8க்கு அடுத்து வந்த எம்9 வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அதற்கு இந்த ஃபில்டர் தேவையில்லை. சென்சார் ஃபிலிம் அளவுக்கே இருக்கும், 15க்கு 15 ஃபைண்டரே போதும். ஆனால் என் பழைய லென்ஸை அதில் மாட்டினால் இடது ஓரம் சிவக்கிறது. 2015இல் வந்த இதே லென்ஸின் மூன்றாம் வடிவத்தை டிஜிட்டல் சென்சாரை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள், மரை 58 மி.மீ.

அடுத்த கார்த்திகையில் அதே படித்துறைக்குப் போனேன். குடைக்காரப் பெரியவரும் வந்திருந்தார். இந்த முறை எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைத்தான் முதலில் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன்.