நடந்து உழைத்த புட்டு

“அப்ப நான் நடக்கிறது எதுக்கு, மகள்?” என்று அந்த ஆசிரியை என்னிடம் கேட்டு மாதங்கள் கடந்துவிட்டன. எடையைக் குறைக்க வருபவர்களோடு நாள்தோறும் கதைப்பதே என் வேலை என்பதால், இதைவிடக் கடினமான கேள்விகளும் என்னிடம் வந்ததுண்டு. இந்தக் கேள்விதான் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதற்கு நான் சொன்ன பதில் மருத்துவ ரீதியாகச் சரியானது. அதற்குச் சற்று முன்பு நான் செய்த காரியமும், அதாவது அவருடைய நடையடி எண்ணும் கைப்பட்டிக்கும் எடைக்கட்டுப்பாட்டுச் செயலிக்கும் இடையிலிருந்த இணைப்பைத் துண்டித்ததும், கணக்கின்படி சரியானதே. இரண்டும் சரியென்றால் ஏன் இன்னும் உறுத்துகிறது என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நீரிழிவு தொடக்க நிலையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் ஒரு பட்டியை வாங்கிக் கட்டிவிட்டு, தொலைபேசியில் செயலியையும் நிறுவி, இரண்டையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து அவர் ஒரு நாளும் தவறாமல் நடந்தார். விடியற்காலையில் திருகோணமலை உவர்மலையிலிருந்து இறங்கி, பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, கோணேசர் கோவில் மட்டும் ஏறி, திரும்பி வருவார். சாப்பிட்ட ஒவ்வொன்றையும் செயலியில் ஒழுங்காகப் பதிந்தார். ஆனால் எடை 78 கிலோவை விட்டு அசையவில்லை. தைரொயிட் பரிசோதனையும் செய்தாயிற்று, அதில் ஒன்றுமில்லை.

அவர் மேசைக்கு மேலால் நீட்டிய திரையில் நான்கு எண்கள் இருந்தன. நாளுக்குரிய அளவு 1500 கலோரி, அதுவரை உண்டது 1320, உடற்பயிற்சிக்கென்று கூட்டப்பட்டது 540, மிச்சம் 720. “பாருங்க மகள், இரவுக்கு 720 கிடக்குது. இது நான் நடந்து உழைச்ச புட்டு” என்றார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த நிறைவை நான் கவனிக்கத் தவறவில்லை. ஆனால் என் கண் 1500க்கே திரும்பத் திரும்பப் போனது. அந்த எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது.

60 வயது, 155 சென்றிமீற்றர் உயரம், 78 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணுக்கு, எங்கள் துறையில் 1990 முதல் புழங்கும் மிஃப்லின் சமன்பாட்டின்படி, அசையாமல் படுத்திருந்தாலே நாளுக்கு ஏறத்தாழ 1290 கலோரி செலவாகும். உட்கார்ந்தே இருப்பவர் என்றால் அதை 1.2 ஆலும், ஓரளவு சுறுசுறுப்பானவர் என்றால் 1.55 ஆலும் பெருக்குவோம். மகன் செயலியை நிறுவும்போது, அம்மா நடக்கப் போகிறார் என்ற நம்பிக்கையில், ‘சுறுசுறுப்பானவர்’ என்று தெரிவு செய்திருக்கிறான். ஆகவே செலவு ஏறத்தாழ 2000 ஆகி, அதிலிருந்து எடை குறைவதற்காக 500 கழிந்து, 1500 வந்திருக்கிறது. கோணேசர் கோவில் வரையான நடை அந்த 1500க்குள் ஏற்கனவே அடங்கிவிட்டது. அதே நடையைப் பட்டி மறுபடியும் 540 என்று கொண்டுவந்து சேர்க்கிறது. 1320ஐயும் 720ஐயும் கூட்டினால் 2040. உடல் செலவழிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எடை அசையாததில் மர்மம் எதுவும் இல்லை.

அந்த 540ஐயும் நான் நம்பவில்லை. அவர் நடக்கும் தூரம் நான்கு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். நடைக்கென்று மேலதிகமாகச் செலவாவது, ஒரு கிலோ எடைக்குக் கிலோமீற்றருக்கு அரைக் கலோரி என்று எடுத்தால், 156 தான். பட்டி உண்மையில் கலோரியை அளப்பதில்லை. முடுக்கமானி கையசைவை உணர்கிறது; அடியில் மினுங்கும் பச்சை ஒளி இரத்த ஓட்டத்தைப் பார்த்து இதயத்துடிப்பை எண்ணுகிறது; மீதி எல்லாம் ஊகம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. கலோரியிலோ, மிகத் திருத்தமான கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மிக மோசமானது 93 சதவீதம். நம் ஊரில் கச்சான் என்ற வெப்பக்காற்று அடிக்கும் மாதங்களில் வெக்கையாலேயே இதயத்துடிப்பு ஏறும். அதையும் பட்டி உழைப்பென்றே எடுத்துக்கொள்ளும். பின்னொரு நாள் அதே மாதிரிப் பட்டியை என் கையில் கட்டிக்கொண்டு, திருவலையில் இருந்து தேங்காய் திருவிப் பார்த்தேன். ஒரு பாதி முடிவதற்குள், இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே, நடையடிகள் ஏறிக்கொண்டு போயின. மாறாக, வெயிலுக்குக் குடை பிடித்த கையில் பட்டி இருந்தால், கை வீசாதபடியால், உண்மையாக நடந்த நடையே குறைந்து தெரிந்தது.

இதையெல்லாம் அவருக்கு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி விளக்கினேன். நான் முடிப்பதற்கு முன்னரே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “அப்ப ஒண்டையே ரெண்டு தரம் கூட்டியிருக்குது” என்றார். ஆகவே அவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ நான் எதுவும் செய்யவில்லை. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியில் செயலிகள் உடல்நலத் தரவைப் பகிர்ந்துகொள்ளும் ஹெல்த் கனெக்டைத் திறந்து, பட்டியின் கலோரித் தரவைச் செயலி படிப்பதற்கான அனுமதியை மட்டுமே முதலில் நிறுத்தினேன். நடையடி எண்ணிக்கை அவருக்குத் தெரியட்டும் என்று அதை விட்டுவைக்கத்தான் விரும்பினேன். ஆனால் அந்தச் செயலி நடையடியைத் தானே கலோரியாக மாற்றி மறுபடியும் கூட்டியது. அதை நிறுத்துவதற்கு இலவசப் பதிப்பில் வழி இல்லை. எனவே நடையடிக்குரிய அனுமதியையும் நிறுத்தி, அன்றைய பதிவையும் நீக்கினேன். 540 இருந்த இடத்தில் 0 வந்தது. அவர் அந்தப் பூச்சியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

நான் சொன்னேன்: நடந்தால் தசை இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்ளும், பிரஷர் இறங்கும், முழங்காலுக்கும் நித்திரைக்கும் நல்லது, எடை குறைந்தபின் அது திரும்ப ஏறாமல் பிடித்துவைப்பதிலும் நடைக்குப் பங்குண்டு. ஒன்றுகூடப் பொய்யில்லை. அவர் தலையாட்டினார். வகுப்பில் பிள்ளை ஒன்று பாடமாக்கி ஒப்புவிப்பதைக் கேட்கும் ஆசிரியையின் தலையாட்டல் அது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அதற்குப் பின்வந்த மாதங்களில் அவருடைய எடை இறங்கத் தொடங்கியது. மெதுவாகத்தான், ஆனாலும் வரைபடத்தில் கோடு முதல் தடவையாகக் கீழ்நோக்கித் திரும்பியது. மருத்துவர் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். ஆனால் பட்டியின் சொந்தச் செயலியைத் திறந்து பார்த்தபோது, முன்பு நாளுக்கு 7000 அடியைத் தொட்ட நடை, 4000 சொச்சத்துக்கு வந்திருந்தது. கோவிலுக்குப் போவது வெள்ளிக்கிழமைகளோடு நின்றுவிட்டது. “மழையும் தொடங்கிட்டுதானே” என்றார். மழை தொடங்கியிருந்தது உண்மைதான். அதைச் சாட்டாகச் சொன்னாரா, காரணமாகச் சொன்னாரா என்று நான் துருவவில்லை.

எங்களோடு வேலை செய்யும் இயன்மருத்துவர் இதைக் கேட்டதும் என்னோடு வாதிட்டார். பிழையான எண் என்றாலும் ஒரு மனுசியை விடியற்காலையில் எழுப்பி நடக்க வைத்தால் அந்த எண்ணில் ஏன் கைவைக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. நாளுக்கு 10,000 அடி என்பதே ஆய்விலிருந்து பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்பதற்காக எடுத்த எண் அது. ஆனாலும் எத்தனை பேரை அது வீட்டுக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறது என்றார். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. 10,000 என்ற எண் யாரையும் கூடுதலாக உண்ணச் சொல்லவில்லை, 540 சொன்னது, இரண்டும் ஒன்றல்ல என்று அப்போது சொன்னேன். அது இப்போதும் எனக்கு நல்ல பதிலாகவே படுகிறது. வயதான பெண்களை வைத்து 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வையும் எனக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்கிறேன்: நாளுக்கு ஏறத்தாழ 2700 அடி நடந்தவர்களைவிட 4400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில், ஏறத்தாழ 7500 அடி வரைக்கும் அந்த நன்மை கூடிக்கொண்டே போனது. ஆசிரியை அந்த 7500க்குக் கிட்ட நின்றவர்.

என்னை உண்மையில் அலைக்கழிப்பது அடிகளின் எண்ணிக்கை அல்ல. ‘உழைச்ச புட்டு’ என்று அவர் சொன்னதுதான். அவர் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக்கொடுத்து, சட்டியில் மிஞ்சியதைக் கடைசியாகத் தின்று பழகியவர். எங்கள் வீடுகளில் இது புதிதல்ல. என் அம்மாவும் அப்படித்தான். அப்படிப்பட்ட ஒருவருக்கு, ‘இது உன்னுடையது, வயிறார உண்’ என்று முதன்முதலில் சொன்னது ஒரு செயலியின் பச்சை எண்ணாக இருந்திருக்கலாம். சாப்பாட்டை உழைத்துத்தான் பெற வேண்டும் என்ற எண்ணத்தை நான் வெறுக்கிறேன். பயிற்சிக்குக் கூலியாக உணவு என்ற இந்த ஏற்பாடே பிழையென்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அதைச் சொல்லிக்கொண்டே அவரையும் அதிலிருந்து விடுவித்ததாக நினைத்தேன். ஆனால் நான் அவருக்குக் கொடுத்துவிட்டு வந்த 1500 மட்டும் என்ன? அதுவும் ஓர் அனுமதிச் சீட்டுத்தானே. முன்பு அவர் நடந்து கூட்டிக்கொள்ளக்கூடியதாக இருந்த அளவு, இப்போது நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாறாமல் நிற்கிறது. கணித ஆசிரியை ஒருவருக்கு அதன் பொருள் உடனே விளங்கியிருக்கும்.

அதே வேளையில், அவருடைய எடை இறங்கியிருக்கிறது என்பதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. இணைப்பை விட்டுவைத்திருந்தால், அதே 78 கிலோவோடு அவர் மனம் சலித்துப் பட்டியையும் கழற்றி வைத்திருக்கக்கூடும். அப்படிப் போனவர்களையும் கண்டிருக்கிறேன். அவரும் அப்படிப் போயிருப்பாரா என்பதை இனி யாரும் அறியப்போவதில்லை.

இப்போதெல்லாம் யாராவது பட்டியையும் செயலியையும் கொண்டுவந்து வைத்தால், அமைப்புகளைத் திறப்பதற்கு முன்பு, இந்த எண்களில் எதைத் தினமும் முதலில் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறேன். நடையடி என்பவர்களுக்கு நான் செய்வது வேறு. மிச்சக் கலோரி என்பவர்களுக்கு வேறு. சிலருக்கு இணைப்பை அப்படியே விட்டு, கூட்டப்படுவதில் பாதியை மட்டும் உண்ணச் சொல்கிறேன். அது கணக்கில் திருத்தமானதல்ல, ஆனால் ஆபத்தானதும் அல்ல. ஆசிரியைக்கும் இன்னொரு வழி இருக்கிறது. ‘உட்கார்ந்தே இருப்பவர்’ என்று மாற்றினால் கணக்கு 1045க்கு இறங்கும். அவ்வளவு குறைவாக யாரையும் உண்ணச் சொல்லமாட்டேன் என்பதால் 1200இல் நிறுத்தி, நடையை மறுபடி இணைத்து, பட்டி சொல்வதில் பாதியை அவர் கூட்டிக்கொள்ள விடலாம். அவருடைய நடை திரும்ப அவருக்கு ஏதாவது கொண்டுவரும். ஆனால் நடக்க முடியாத மழை நாளில் கையில் 1200 மட்டுமே இருக்கும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்கு அதை எழுதிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கிளினிக்கில் இரண்டு கணக்கையும் கடதாசியில் எழுதி அவர் முன் வைத்து, எது வேண்டும் என்று அவரையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.