அஸ்வெசும பணமும் பகல் பராமரிப்புக் கட்டணமும்

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் கொடுக்கும் நலன்புரிப் பணமான அஸ்வெசும கிடைத்தால் பிள்ளையின் பகல் பராமரிப்பு நிலையக் கட்டணத்தையும் அரசாங்கம் தனியாகக் கட்டும் என்று கொழும்பில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது வங்கிக் கணக்குக்கு வரும் காசு, அவ்வளவுதான். எதற்குச் செலவழிப்பது என்பது உங்கள் முடிவு. 2025 ஜனவரியில் மிக வறிய குடும்பத்துக்கான மாதத் தொகை 15,000 ரூபாயிலிருந்து 17,500 ஆகவும், வறிய குடும்பத்துக்கானது 8,500 இலிருந்து 10,000 ஆகவும் கூட்டப்பட்டது. அதற்குள்தான் அரிசி, பால்மா, கரண்ட் பில் எல்லாமே.

யாருக்கு அஸ்வெசும என்று தெரிவு செய்ய 22 அளவுகோல்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளில் வரும். சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளுக்கு வேறு வேறு பதில் வருகிறது. தோட்டக் குடியிருப்புகளில் ஒரே வீட்டு இலக்கத்தில் இரண்டு மூன்று குடும்பம் இருந்தால், தனித்தனியாகச் சமைப்பதைக் கணக்கெடுக்க வருபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சேர்த்து எழுதிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

அடிக்கடி இடறுவது பெயரில். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னோர் எழுத்து என்றால் காசு தடைப்படலாம். கணக்கு திறக்கும் முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாகப் பிள்ளை பிறந்தால் பிறப்புச் சான்றிதழோடு கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். அவரிடம் முடியாதது பிரதேச செயலகத்துக்குப் போகும். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது.

கர்ப்பிணிகளுக்கான போஷாக்கு உதவி வேறு திட்டம். அதற்குக் குடும்பநல உத்தியோகத்தரிடம், கிளினிக்கில் கேட்கவேண்டும்.