பத்துக்குப் பத்து: ஒரு சாட்டையும் நூறு இணைப்புகளும்

கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் ஆட்டங்களில் நான் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்து விளையாடுவது ‘கேசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன்’. 2001-இல் அந்தக் கருவி கடைக்கு வந்தபோதே கூடவே வந்த ஆட்டம் இது. உருவாக்கியது ஜப்பானிய ஆட்ட நிறுவனமான கோனாமியின் கோபே பிரிவு. 1830-இல் டிராகுலாவின் கோட்டைக்குள் நேதன் கிரேவ்ஸ் என்ற இளைஞன், சிறைப்பட்ட தன் குருவை மீட்கப் போகிறான். கதை அவ்வளவுதான், கதைக்காக யாரும் இதைத் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை. அட்டைகளுக்காகத் தேடிப்பிடிக்கலாம்.

மொத்தம் இருபது அட்டைகள். பத்து அட்டைகளுக்கு மெர்க்குரி, ஜூபிடர், மார்ஸ், புளூட்டோ என ரோமானியக் கடவுளரின் பெயர்கள். மற்ற பத்துக்கு சாலமாண்டர், சர்ப்பென்ட், கோலெம், யூனிகார்ன் எனப் புராண விலங்குகளின் பெயர்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எடுத்துச் சேர்த்து எல் பொத்தானை அழுத்தினால் ஒரு திறன் பிறக்கும். கடவுள் அட்டை என்ன செய்வது என்று தீர்மானிக்கும். விலங்கு அட்டை எதைக்கொண்டு செய்வது என்று தீர்மானிக்கும். மெர்க்குரி நேதனின் ஆயுதமான சாட்டையை மாற்றும், மார்ஸ் சாட்டைக்குப் பதில் வேறு ஆயுதம் தரும், சாட்டர்ன் துணைக்கு ஒரு சிறு உயிரைப் பறக்கவிடும். சாலமாண்டர் என்றால் நெருப்பு, சர்ப்பென்ட் என்றால் பனி.

பயன்படுத்திப் பார்க்கும்வரை ஓர் இணைப்பின் பலனை ஆட்டம் சொல்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோடு போட்ட நோட்டில் பத்துக்குப் பத்துக் கட்டம் வரைந்து, ஒவ்வொரு அட்டை கிடைக்கும்போதும் ஒரு வரிசையையோ நெடுக்கையையோ நிரப்பிக்கொண்டே போவேன். பாதி நிரம்பிய பிறகு மீதியை ஊகிக்க முடியும். ஊகம் பலித்தாலும் மகிழ்ச்சி, பொய்த்தாலும் மகிழ்ச்சி.

மெர்க்குரியோடு சர்ப்பென்ட் சேர்ந்தால் பனிச்சாட்டை. நெருப்புச்சாட்டையின் குளிர்ந்த மறுபதிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தச் சாட்டை பட்ட எதிரி உறைந்து நிற்கும்போது அதன் தலைமேல் ஏறி நிற்கலாம்! அதுவரை தொட்டாலே காயப்படுத்திய பிராணி இப்போது படிக்கட்டு. பறந்து வரும் எதிரியைச் சரியான உயரத்தில் உறைய வைத்து, அதன்மேல் தாவி, அங்கிருந்து இன்னொரு தாவல். வானளாவ எழும்ப உதவும் ‘ராக் விங்’ ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் கிடைக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டிய சில உயரங்களை இந்த வழியில் முன்கூட்டியே எட்டிவிடலாம். சர்ப்பென்டுக்குப் பதில் காக்கட்ரிஸ் வைத்தால் எதிரி கல்லாகிவிடும், அதன்மேலும் ஏறலாம். தாக்குவதற்கென்று தந்த திறன் ஏறுவதற்கும் உதவும் என்று கண்டுபிடித்த பிறகு, கோட்டையின் ஒவ்வொரு அறையையும் நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். எந்த எதிரி எந்த உயரத்தில் பறக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

என் தம்பி இதற்கு நேர் எதிர். நெருப்புச்சாட்டை கிடைத்ததும் அதிலேயே நின்றுவிட்டான். “அடிக்கிறது, சாகிறது, வேறென்ன வேண்டும் அக்கா?” என்பான். அவனிடம் ஜூபிடரையும் மாண்ட்ரகோராவையும் இணைக்கச் சொன்னேன். அசையாமல் நின்றால் மந்திர சக்தி செலவாகி உயிர்ச்சக்தி ஏறும். மருந்து அரிதாகக் கிடைக்கும் இந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய கொடை இல்லை. அதன் பிறகு அவனும் அட்டைகளைக் கலைத்துப் பார்க்க ஆரம்பித்தான். ஓர் இணைப்பு நேதனையே எலும்புக்கூடாக மாற்றிவிடும். ஓர் அடி பட்டாலே கதை முடிந்தது. அதைக் கண்டதும் வீடே அதிரச் சிரித்தான்.

குறை ஒன்று உண்டு, அதை லேசாக விட மாட்டேன். அட்டைகளைக் குறிப்பிட்ட எதிரிகள்தான் தருவார்கள், அதுவும் எப்போதாவதுதான். எந்த எதிரி என்பதற்குத் துப்பும் கிடையாது. சோதனையையே உயிராகக் கொண்ட ஓர் ஏற்பாட்டில், சோதனைப் பொருளை இப்படிப் பதுக்குவது அநியாயம். ஒரே அறைக்குள் நுழைந்து வெளியேறி, மறுபடி நுழைந்து, அதே எதிரியை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு முதல் அட்வான்ஸ் திரைக்கு உள்விளக்கு கிடையாது. இந்த ஆட்டமோ கும்மிருட்டு. பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரம்தான் கதி.

இந்தக் குறைக்கு மருந்து ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை முடித்த பிறகு, புதிய ஆட்டத்தில் பெயர் கேட்குமிடத்தில் ‘ஃபயர்பால்’ என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால் மந்திரவாதி முறை திறக்கும். இருபது அட்டைகளும் முதல் அடியிலிருந்தே கையில் இருக்கும். நூறு கட்டங்களையும் ஆற அமரச் சோதிக்க இதுவே சரியான இடம். ‘கிரேடியஸ்’ என்று எழுதினால் போர்வீரன் முறை. அதில் அட்டைகளே கிடையாது. எனக்கு அது உப்பில்லாத சோறு.

2021-இல் இந்த ஆட்டம் ‘அட்வான்ஸ் கலெக்‌ஷன்’ தொகுப்பில் ஸ்விட்ச், கணினி உள்ளிட்டவற்றுக்கு மறுபடி வந்தது. எந்த எதிரியிடம் அட்டை இருக்கிறது என்று காட்டும் வசதியும் அதில் உண்டு. தயங்காமல் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இணைப்புகளின் பட்டியலை இணையத்தில் தேடாதீர்கள். நானும் என் நோட்டின் மீதிக் கட்டங்களை இங்கே எழுதப் போவதில்லை.