தம்பியின் எடையும் அவன் ஓட்டமும்

ஜூன் 1, 2025, ஞாயிறு

தம்பி மதியம் சாப்பிட வந்தான். ஏப்ரலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 6.3 மில்லிமோல் என்று வந்ததிலிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறான். நீரிழிவு இன்னும் வரவில்லை, வாசல் வரை வந்துவிட்டது. பேருந்து ஓட்டுகிற வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். அதற்கு நடுவிலும் இங்கே சிங்கப்பூரில், பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஓடுகிறான். எடை மட்டும் 80 கிலோவிலேயே நிற்கிறது.

"இவ்வளவு வேர்த்தும் ஒண்ணும் குறையலக்கா, அப்புறம் எதுக்கு ஓடணும்?"

அவன் குரல் மனதை என்னவோ செய்தது. பள்ளியில் உடற்கல்வி சொல்லிக் கொடுத்தவள் நான். இதே கேள்வியோடு பாதியில் நிறுத்திவிட்ட பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். தம்பி நிறுத்தக் கூடாது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன், மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் கணக்கு. ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். தம்பி 4 கிலோமீட்டர் ஓடினால் 320. ஓடி முடித்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்து இரண்டு கோசோங் (வெறும்) பரோட்டா, ஒரு தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) என்றால் அத்தனையும் திரும்பி வந்துவிடும். எடை குறைய ஓட்டம் மட்டும் போதாது என்பது சரிதான். ஆனால் ஓடுவது எடைக்காக மட்டும் என்று யார் சொன்னது?

ஜூன் 4, புதன்

ஓடி முடித்ததும் பசியே இல்லை, கொஞ்ச நேரம் போனதும் அகோரப் பசி எடுக்கிறது என்கிறான். இரண்டுமே உடம்பின் இயல்பு.

கடுமையாக ஓடும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையில் சுரப்பது குறைகிறது. வயிறு நிறைந்ததாக மூளைக்குச் சொல்லும் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 ஆகிய குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. இப்போது எல்லோரும் பேசுகிற எடைக் குறைப்பு ஊசிகள் இந்த ஜிஎல்பி-1 செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. 2022இல் இன்னொன்றும் தெரியவந்தது. தசையிலிருந்து வரும் லாக்டேட்டும் ஓர் அமினோ அமிலமும் சேர்ந்து லாக்-ஃபீ என்ற மூலக்கூறு உண்டாகிறது. அதைப் பருத்த எலிகளுக்குக் கொடுத்தபோது அவை குறைவாகத் தின்றன.

பசி இப்படி அடங்கியிருப்பது ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே நீடிக்கும். அதன் பிறகு பசி திரும்பும். அந்த நேரத்தில் கையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். வீட்டில் அவித்த முட்டையும் சுண்டலும் இருந்தால் நல்லது. புரதத்தைச் செரிப்பதற்கே அதன் கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செலவாகிறது. மாவுச்சத்துக்கு அவ்வளவு செலவில்லை.

நீச்சல் வேறு மாதிரி. குளிர்ந்த நீரில் பயிற்சி செய்தவர்கள், மிதமான சூட்டில் இருந்த நீரில் செய்தவர்களைவிடப் பிறகு அதிகமாகச் சாப்பிட்டதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். நீச்சல் வகுப்பு முடிந்த பிள்ளைகள் சிற்றுண்டிச் சாலைக்கு ஓடிய ஓட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தம்பி ஓடுகிற இந்த ஊர் வெக்கை, பசியை அடக்குகிற பக்கம்தான் சேரும்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ரெண்டாங் இறைச்சிக் கறியும் கெத்துப்பாட் அரிசிப் பொதியும் கொடுத்தனுப்பினார். நன்றாகச் சாப்பிட்டோம். தம்பியும் நானும் உடனே கீழே இறங்கி, அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்தோம். வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சர்க்கரை விளிம்பில் நிற்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஜூன் 10, செவ்வாய்

உழைப்புக்கும் பசிக்கும் உள்ள உறவை விரிவாக எழுதத்தான் ஆசை.

1956இல் ஷான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் மேற்கு வங்காளச் சணல் ஆலை ஒன்றின் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு, மூட்டை சுமப்பவர்களும் உண்டு. ஒவ்வொருவரும் எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எடை இருக்கிறார் என்று பார்த்தார்கள்.

லேசான வேலையிலிருந்து கடும் வேலை வரை உழைப்பு கூடக் கூட, சாப்பாடும் கூடிக்கொண்டே போனது. எடை ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. உழைப்புக்கேற்ற பசி. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்களிடம் அந்தக் கணக்கு தப்பியது. அவர்கள் லேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் அதிகம்.

ஓர் ஆலையில் கண்டதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. யார் எந்த வேலையில் இருந்தார், கையில் எவ்வளவு காசு இருந்தது என்பதும் சாப்பாட்டைத் தீர்மானித்திருக்கும். இருந்தாலும் இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கள் தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மலைபோல் சோறு சாப்பிடுவார், கடைசி வரை ஒல்லியாகவே இருந்தார் என்று அம்மா சொல்வார். அதே அளவு சோற்றைத்தான் எங்கள் வீட்டு ஆண்களுக்கு இன்றும் போடுகிறோம். தம்பி ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து வேலை முடித்துவிட்டு வருகிறான்.

அதனால் ஓட்டத்தைக் கலோரி எரிக்கும் அடுப்பாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தே கிடக்கிற உடம்புக்கு, எவ்வளவு வேண்டும் என்று அளக்கிற திறன் மங்குகிறது. ஓடத் தொடங்கியதும் தம்பி சோற்றைத் தானாகவே பாதியில் நிறுத்துவதை இரண்டு முறை கவனித்தேன். அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

தம்பியின் நண்பர் ஒருவர் 'மெட்டபாலிசத்தை', அதாவது உடம்பு ஆற்றலைச் செலவழிக்கும் வேகத்தை, 'தூண்டும்' மாத்திரை வாங்கச் சொன்னாராம். நாற்பதைத் தாண்டியதும் அந்த வேகம் படுத்துவிடும் என்று விற்பவர் சொன்னாராம். கோபம் வந்தது.

29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களை அளந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. உடல் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயது முதல் 60 வரை ஆற்றல் செலவு பெரிதாக மாறுவதில்லை. அறுபதுக்குப் பிறகுதான் மெல்லக் குறைகிறது. மாத்திரைக் காசில் ஒரு நல்ல ஓட்டக் காலணி வாங்கலாம்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். தான்சானியாவின் ஹாட்சா மக்கள் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, நாளெல்லாம் நடப்பவர்கள். அவர்களின் ஒரு நாள் ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்ஸர் குழு அளந்தது. உடல் அளவுக்கு ஏற்பப் பார்த்தால், மேற்கத்திய நகரவாசிகளுடையதோடு பெரிய வேறுபாடு இல்லை என்று 2012இல் எழுதினார்கள். அதிகம் அசையும்போது உடம்பு வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். அழற்சிக்கும் மன அழுத்தத்துக்கும் போகிற செலவு அப்படிக் குறையலாம் என்கிறார். விவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் சொல்வது சரியென்றால், தம்பியின் எடை நகராமல் நிற்பதற்குப் பின்னால் ஒரு நல்ல காரியமும் நடந்துகொண்டிருக்கலாம்.

ஜூன் 18, புதன்

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணச் சொல்லியிருந்தேன். முதலில் 78. இப்போது 70. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது, அதனால் குறைவாகத் துடித்தால் போதும். தசைச் செல்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும், கொழுப்பை எரிக்கும் திறன் கூடும். எடை இயந்திரத்துக்கு இது எதுவுமே தெரியாது. எடை குறையாமலேயே வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு குறையவும் வாய்ப்புண்டு.

"பெல்ட்ல ஒரு துளை உள்ளே போயிருக்குக்கா," என்றான். ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தம்பிக்கு 94. இனி அளக்க வேண்டியது அதைத்தான்.

ஜூன் 22, ஞாயிறு

சிங்கப்பூரின் வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி. தம்பி ஓடுகிறான், வலுவூட்டுவதே இல்லை. உணவை மட்டும் குறைத்து எடை இறக்கினால் தசையும் கூடவே போகும், அதைக் காப்பது இந்தப் பயிற்சிதான்.

அதனால் இன்று உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். செவ்வாயும் வெள்ளியும் அவன் புளோக்கின் கீழே உள்ள உடற்பயிற்சி மூலையில் நாற்காலி உயரத்துக்கு உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. பேருந்து இன்டர்சேஞ்சில் ஓய்வு கிடைக்கும்போது, சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடப்பது. தே தாரிக்குக்குப் பதில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ கோசோங். பரோட்டா ஞாயிறு மட்டும், அதை நான் தடுக்க மாட்டேன். ஓட்டம் அப்படியே தொடரும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு மருந்தகத்தில் செப்டம்பரில் தேதி வாங்கியிருக்கிறான், நானும் கூடப் போகிறேன்.