சராசரி நல்லா இருந்தா போதுமா?

"நாங்க எல்லா பேஷண்டையும் ஒரே மாதிரிதான் பாக்குறோம்"னு நிறைய ஆஸ்பத்திரி நிர்வாகத்துல சொல்றாங்க, மனசார நம்பித்தான் சொல்றாங்க, ஆனா யாருக்கு குணமாகுது யாருக்கு ஆகலன்னு மொழி, வருமானம், இனம், ஊனம்னு பிரிச்சுப் பாத்தாதானே உண்மை தெரியும், மொத்த சராசரியில அது எல்லாம் மறைஞ்சு போயிடுது.

2019ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்காவுல யாருக்கு கூடுதல் கவனிப்பு வேணும்னு கணிக்கிற ஒரு அல்காரிதம் (கம்ப்யூட்டர் கணக்கு முறை), நோயோட தீவிரத்துக்கு பதிலா ஆன மருத்துவச் செலவ வெச்சு கணிச்சிருக்கு. கறுப்பினத்தவங்களுக்கு செலவழிஞ்சதே கம்மி, அதனால அவங்களுக்கு நோயும் கம்மின்னு ஆயிடுச்சு. இத சரி பண்ணா கூடுதல் கவனிப்புக்கு தேர்வாகுறவங்க பட்டியல்ல கறுப்பினத்தவங்க பங்கு 17.7 சதவீதத்துலேர்ந்து 46.5 ஆகுமாம்! இத்தனைக்கும் அந்த அல்காரிதத்துக்கு இனம்ங்கற தகவலே குடுக்கல.

விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் அளவ பாக்குற பல்ஸ் ஆக்சிமீட்டர் கூட கருத்த தோல்ல ஆக்சிஜன கூட்டிக் காட்டிடும்.

அதனால இந்த பாகுபாட்ட சரி பண்ண ஒரு கமிட்டி, வருஷத்துக்கு ஒரு ட்ரெய்னிங் எல்லாம் பத்தாது. பட்ஜெட்ல பணம் ஒதுக்கணும், தலைமையில இருக்கறவங்க பதில் சொல்லணும், நைட் ஷிஃப்ட்லயும் மொழிபெயர்ப்பாளர் இருக்கணும், பேஷண்டோட சின்னப் புள்ளைய வெச்சு வியாதிய விளக்குறத முதல்ல நிறுத்துங்க. அப்புறம் வார்டு துடைக்கிறவங்களுக்கே சம்பளத்தோட சிக் லீவு குடுக்காம வெளிய சமத்துவம் பேசுறத என்னால ஏத்துக்கவே முடியல.