ரெண்டு பாதத்தையும் தரையில் வைங்க

2020 ஊரடங்கில் ராத்திரி ரெண்டு மணிக்கும் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கிட்டே கிடந்தேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அக்காதான் ஒரு இணையவழி மனநல வகுப்போட லிங்க்கை அனுப்பி, "சும்மா உட்காரு, பேசக்கூட வேண்டாம்"னு சொன்னா.

கேமராவை அணைச்சுட்டு உட்கார்ந்தேன். நடத்தினவங்க எடுத்த எடுப்பிலேயே, "ரெண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைங்க. கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருளை மனசுக்குள்ள சொல்லுங்க"ன்னாங்க. கதவு. சார்ஜர் வயர். தலையணை. நாலாவது பொருளைத் தேடும்போதே மூச்சு நிதானமாயிடுச்சு. பயம் போகலை, ஆனா கை நடுக்கம் நின்னுது.

செய்தியை ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் பாருங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்லயே சொல்லியிருந்ததும் அங்கதான் தெரிஞ்சுது.

அந்த வகுப்புல என்னை ரொம்ப உலுக்கினது உளவியல் முதலுதவி, அதாவது பெரிய அதிர்ச்சியில தவிக்கிறவங்களுக்கு முதல்ல கொடுக்கற ஆறுதலும் உதவியும். 2011-ல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் மூணே சொல்: பார், கேள், இணை (வேண்டிய உதவியோட சேர்த்துவிடு). பாதிக்கப்பட்டவரை நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி வற்புறுத்தவே கூடாதாம். அப்பாவை இழந்த தோழிகிட்ட "மனசு விட்டுச் சொல்லு, பாரம் குறையும்"னு நான் எத்தனை தடவை துளைச்சிருக்கேன்! மறுநாள் போன் பண்ணி, "சாப்டியா?"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் அழுதா. நான் குறுக்கே பேசலை.

சாகணும்னு தோணுறவங்களுக்கு வகுப்பு போதாது. உடனே மருத்துவர் வேணும், பக்கத்துல ஆள் வேணும்.

இப்படி வகுப்பு எடுக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதிவை ஆடியோவாகவும் கொடுங்க. டேட்டா கம்மியா இருக்கறவங்களும் கேட்பாங்க.