எடைக் கடனும் கேம்ஸ்டாப்பும்: செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சில கணக்குகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கும் கொலுசு வியாபாரிகளுக்கும் வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளாக அந்தக் கணக்குகளோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: வீட்டுப் பிள்ளைகள் எஃப் அண்ட் ஓவில், அதாவது பின்தேதிக்கு விலை பேசும் ஃப்யூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்களில், செய்த வியாபாரத்தின் லாப நட்ட அறிக்கை. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு 2021 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த கேம்ஸ்டாப் விவகாரம் தெரியும். சாமானியர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி, ஹெட்ஜ் ஃபண்டுகள் எனப்படும் பணக்காரர்களின் முதலீட்டு நிதியங்களை மண்ணைக் கவ்வ வைத்தார்கள் என்பதுதான் அவர்கள் மனத்தில் தங்கியிருக்கும் சுருக்கம். சுருக்கம் பொய்யில்லை. ஆனால் அந்த வெற்றி எந்த ஓட்டையின் வழியாகக் கிடைத்தது, அந்த ஓட்டை எப்போது அடைபட்டது என்கிற பகுதி அதில் இல்லாததால், வேறு எந்தச் சந்தையிலும் அதே வித்தை பலிக்கும் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

பங்கு கையில் இல்லாமலே விற்பதை, அதாவது ஷார்ட் அடிப்பதை, எங்கள் பேட்டைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. இங்கே பல கணக்குப் புத்தகங்களில் ரூபாய்க்கு ஒரு பத்தி, கிராமுக்கு ஒரு பத்தி என்று இரண்டு இருக்கும். வியாபாரி எடை போட்டுக் கொடுத்த வெள்ளிக்குப் பட்டறைக்காரர் எடையாகத்தான் கணக்குக் காட்ட வேண்டும். இடையில் விலை ஏறியதா இறங்கியதா என்பது அந்தப் பத்தியில் ஏறாது. இப்போது ஒருவர் பத்து கிலோ கட்டி வெள்ளியை எடைக் கடனாக வாங்கி, விலை இறங்கும் என்று நம்பி, அன்றைக்கே விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இறங்கினால் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்து மிச்சத்தை எடுத்துக்கொள்வார். ஏறினால் என்ன விலை கொடுத்தாவது அந்தப் பத்து கிலோவை அவர் வாங்கித்தான் ஆக வேண்டும், அவருடைய நட்டத்துக்கு மேல்வரம்பே கிடையாது. அவரிடம் வாங்கியவர் அதே வெள்ளியை இன்னொருவருக்கு எடைக் கடனாகக் கொடுக்க, அவரும் அதை விற்றுவிட்டால், ஒரே கட்டியின் மீது இரண்டு கடன்கள் நிற்கும். பேட்டையில் இருக்கும் மொத்த வெள்ளியைவிடத் திருப்பித் தர வேண்டிய வெள்ளி அதிகமாகிவிடுவது இப்படித்தான்.

கேம்ஸ்டாப்பின் நிலைமை அதுவே. கடை கடையாக வீடியோ கேம் விற்கும் நிறுவனம் அது. இணையத்தில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் தேறாது என்று பெரிய நிதியங்கள் முடிவுகட்டி அதை விற்றுத் தள்ளியிருந்தன. சந்தையில் புழங்கிய பங்குகளைவிட ஷார்ட் செய்யப்பட்டவை அதிகம். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசியின் அறிக்கை, 2021 ஜனவரியில் அது 122 சதவீதத்தைத் தாண்டியதாகச் சொல்கிறது. அந்த எண் ரகசியமில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாசசூசெட்ஸில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த கீத் கில் என்பவர், கம்பெனியின் மதிப்பு விலையைவிட அதிகம் என்று தாமே கணக்குப் போட்டு, 2019-லேயே சுமார் 53,000 டாலரை அதில் போட்டு, அதை இணையத்தில் ஊரறியக் காட்டியும் வந்தார். சிறு முதலீட்டாளர் கூட்டம் அவர் பின்னால் சேர்ந்தது 2020 முடிவில்தான். டிசம்பர் 31 அன்று 18.84 டாலராக இருந்த பங்கு, ஜனவரி 27 அன்று 347.51 டாலரில் முடிந்தது. மெல்வின் கேப்பிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் அந்த ஒரு மாதத்தில் 53 சதவீதத்தை இழந்தது. சிட்டாடல், பாயிண்ட்72 என்ற வேறு இரண்டு நிதி நிறுவனங்கள் 275 கோடி டாலரைக் கொண்டுவந்து கொட்டி அதைத் தாங்கிப் பிடித்தும், 2022-இல் அது கடையைக் கட்டியது.

அடுத்த நாள் நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஜனவரி 28 அன்று காலையில் விலை 483 டாலர் வரை போன நிலையில், சிறு முதலீட்டாளர்கள் அதிகம் பயன்படுத்திய ராபின்ஹூட் செயலியில் கேம்ஸ்டாப் பங்கை வாங்கும் வசதி நிறுத்தப்பட்டிருந்தது. விற்க மட்டும் முடிந்தது. ஹெட்ஜ் ஃபண்டுகளின் தொலைபேசி அழைப்பால் நடந்த சதி என்று இன்றும் பலர் சொல்வார்கள். நடந்தது அதைவிடச் சப்பையானது, அதனாலேயே அதிகம் யோசிக்க வேண்டியது. அன்றைய அமெரிக்க விதிப்படி ஒரு பங்கை வாங்கி இரண்டு வேலை நாள் கழித்துத்தான் பணமும் பங்கும் கைமாறும். அந்த இடைவெளியில் யாராவது கைவிரித்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, தரகு நிறுவனங்களிடமிருந்து, கைமாற்றத்தை முடித்துத் தரும் கிளியரிங் அமைப்பு ஈட்டுத்தொகை வாங்கி வைக்கும். அன்று விடிவதற்கு முன்பே அந்த அமைப்பு ராபின்ஹூட்டிடம் கேட்ட தொகை சுமார் 300 கோடி டாலர். பேச்சுவார்த்தையில் அது பெருமளவு குறைக்கப்பட்டது. நிறுவனம் அடித்துப்பிடித்துப் புதிய முதலீட்டைத் திரட்டியது. வாங்கும் கதவு மூடப்பட்டது. பங்கு அன்று 193.60 டாலரில் முடிந்தது, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் 40 டாலருக்கு வந்துவிட்டது. லட்சக்கணக்கானவர்களின் ஒற்றுமையும் பிடிவாதமும் ஓர் ஈட்டுத்தொகை விதியின் முன்னால் ஒரே காலையில் நின்றுபோயின.

வென்றது யார் என்ற கணக்கும் சுவரொட்டிக்கு ஏற்ற மாதிரி இல்லை. சென்வெஸ்ட் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் முன்கூட்டியே கேம்ஸ்டாப்பை வாங்கி வைத்திருந்து சுமார் 70 கோடி டாலர் சம்பாதித்தது. கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரலிலும் ஜூனிலும் உயர்ந்த விலையில் புதிய பங்குகளை விற்று 160 கோடி டாலருக்கு மேல் திரட்டிக்கொண்டது. ஷார்ட் அடித்தவர்கள் பதறி வாங்கியது விலையேற்றத்தின் ஒரு பகுதிதான் என்றும், வாரக்கணக்கில் விலையைத் தாங்கியது சாதாரண மக்களின் வாங்கும் ஆர்வமே என்றும் எஸ்இசி அறிக்கை முடிவு சொல்கிறது. அப்படியானால் 300 டாலருக்கு மேல் வாங்கிய கடைசி ஆள் யாரிடமிருந்து வாங்கினார் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இந்த அலை எங்கள் பேட்டையையும் தொட்டது. கேம்ஸ்டாப்பின் வாங்கும் கதவு மூடிய அதே வாரத்தில், அடுத்தது வெள்ளி என்று ஒரு முழக்கம் எழுந்தது. பெரிய வங்கிகள் வெள்ளியை ஷார்ட் அடித்து விலையை அமுக்கி வைத்திருக்கின்றன, எல்லோரும் வாங்கினால் அவை முறிந்துவிடும் என்பது வாதம். வெள்ளியில் முதலீடு செய்யும் மிகப் பெரிய இடிஎஃப்பில், அதாவது பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் நிதியத்தில், ஒரே நாளில் 90 கோடி டாலருக்கு மேல் வந்து விழுந்தது. பிப்ரவரி 1, திங்கட்கிழமை, உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 30 டாலரைத் தொட்டது. இங்கே எம்சிஎக்ஸ் என்ற சரக்கு ஒப்பந்தச் சந்தையில் கிலோ 70,000 ரூபாயைத் தாண்டியது. தற்செயலாக அன்றுதான் மத்திய பட்ஜெட். தங்கம், வெள்ளி மீதான அடிப்படை இறக்குமதி வரியை 12.5 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாகக் குறைத்து, 2.5 சதவீத வேளாண் கட்டமைப்பு வரியைச் சேர்த்தார்கள். வரி குறைந்ததால் விலை இறங்க வேண்டும், அமெரிக்கக் கூட்டத்தால் ஏற வேண்டும் என்ற இழுபறியில், அன்று கொள்முதல் விலை சொல்லவே வியாபாரிகள் தயங்கினார்கள்.

அந்த வாதத்தில் இருந்த பிழை எங்கள் ஊர் வியாபாரிக்குச் சட்டென்று புரியும். பெட்டகத்தில் முப்பது கிலோ வெள்ளி வைத்திருப்பவர், விலை இறங்கினால் நட்டப்படக் கூடாது என்பதற்காக எம்சிஎக்ஸில் ஒரு லாட், அதாவது முப்பது கிலோ, விற்று வைப்பார். சந்தைக் கணக்கில் அவர் ஷார்ட். உண்மையில் அவர் எந்தப் பந்தயமும் கட்டவில்லை. சரக்கு ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம், இரண்டும் சமன். வங்கிகள் வைத்திருந்த ஷார்ட்டிலும் பெரும்பகுதி இந்த வகைதான். ஹெட்ஜ் ஃபண்டுகளோ அப்போது வெள்ளியில் பெரும்பாலும் வாங்கிய பக்கத்தில்தான் நின்றிருந்தன. அவர்களை வீழ்த்துவதாக நினைத்து வாங்கியவர்கள் அவர்களுக்கே லாபம் கூட்டிக் கொடுத்தார்கள். அடி விழுந்தது எங்கள் பேட்டை வியாபாரியைப் போன்றவர்களுக்கு. விலை ஏறும் ஒவ்வொரு நாளும் எம்சிஎக்ஸில் நட்டத்துக்கு ஈடான ரொக்கத்தை அன்றன்றே கட்ட வேண்டும். பெட்டகத்தில் உள்ள வெள்ளியின் மதிப்பு ஏறியிருந்தாலும் அது மார்ஜின் எனப்படும் அந்த ஈட்டுத்தொகைக்கு உதவாது. கையில் ரொக்கம் சுருங்கினால் பட்டறைக்குக் கொடுக்கும் வெள்ளி குறையும், கூலி தள்ளிப்போகும். பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் வீட்டுத் திண்ணையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் பெண்களுக்கு நியூயார்க்கோடு இருக்கும் தொடர்பு இவ்வளவுதான், ஆனால் இது உண்மையான தொடர்பு.

அந்த அலையும் ஓர் இரவுக்கு மேல் தாங்கவில்லை. நியூயார்க் வெள்ளி ஒப்பந்தம் ஒன்றுக்கான மார்ஜினை 14,000 டாலரிலிருந்து 16,500 டாலராகச் சந்தை உயர்த்தியது. பிப்ரவரி 2 அன்று விலை சரிந்தது. வெள்ளியின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. டெக்ஸாஸின் ஹன்ட் சகோதரர்கள் உலக வெள்ளியை வளைத்துப் போட்டு 1980 ஜனவரியில் விலையை 50 டாலருக்கு அருகில் கொண்டுபோனபோது, இருக்கும் ஒப்பந்தங்களை முடிக்கலாம், புதிதாக வாங்கக் கூடாது என்று அதே சந்தை விதியை மாற்றியது. மார்ச் 27 அன்று விலை 11 டாலருக்குக் கீழே கிடந்தது. பம்பாயிலும் நடந்திருக்கிறது. 1982-இல் ரிலையன்ஸ் பங்கைக் கல்கத்தாக் கரடிகள், அதாவது விலை இறங்கும் என்று பந்தயம் கட்டும் வியாபாரிகள், விற்று அடித்தபோது, அம்பானியின் ஆட்கள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு பங்கைக் கையில் கொடு என்று நெருக்க, சந்தையையே சில நாள் மூடிவைத்துத்தான் தீர்வு காண முடிந்தது. நெருக்கியவர் கோடீசுவரரா, கூட்டமா என்பது முக்கியமில்லை. நெருக்கடி முற்றும்போது சந்தையை நடத்துபவர்கள் விதியைத் தொடுவார்கள்.

இன்றைய இந்தியப் பங்குகளில் கேம்ஸ்டாப் போன்ற நெருக்கடி உருவாக இடமும் குறைவு. கையில் இல்லாத பங்கைச் சில்லறை வியாபாரி விற்றால் அன்றே வாங்கி முடிக்க வேண்டும்; தவறினால் பங்கு ஏலத்துக்குப் போய்த் தண்டனை விலை விழும். பங்கைக் கடன் வாங்கி விற்கும் ஏற்பாடு 2008 முதல் இருந்தாலும் அது பெரிதாக வளரவில்லை. ஒரு பங்கின் எஃப் அண்ட் ஓ ஒப்பந்தங்கள் அனுமதித்த உச்சவரம்பில் 95 சதவீதத்தைத் தாண்டினால், இருப்பதைக் குறைக்கலாமே தவிரப் புதிதாக எடுக்க முடியாது. 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் பணமும் பங்கும் அடுத்த வேலை நாளிலேயே கைமாறுகின்றன. அமெரிக்கா இந்த இடத்துக்கு 2024 மே மாதத்தில்தான் வந்தது.

என்னிடம் வரும் பிள்ளைகள் பங்கு வாங்குவதே குறைவு. அவர்கள் வாங்குவது குறியீட்டு ஆப்ஷன்கள், அதாவது நிஃப்டி போன்ற சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்பதன் மீதான ஒப்பந்தங்கள், அதுவும் அவை காலாவதியாகும் எக்ஸ்பயரி அன்று. கேம்ஸ்டாப்பில் கூட்டத்துக்குப் பிடி கிடைத்தது பங்குகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருந்ததால். நிஃப்டி ஆப்ஷனுக்கு அப்படி எல்லை எதுவும் இல்லை. எதிரே விற்க ஆள் இருக்கும்வரை ஒப்பந்தங்கள் பெருகிக்கொண்டே போகும். அங்கே ஒற்றுமையாக வாங்கினால் ஆப்ஷனின் விலையான பிரீமியம்தான் ஏறும். யாரும் முறிந்துவிட மாட்டார்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் எஃப் அண்ட் ஓவில் நட்டப்பட்டார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. அதில் சுமார் 50,000 கோடி தரகும் கட்டணங்களும் வரிகளும்தான். எதிர்ப்பக்கத்தில் 2023-24-இல் மட்டும் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும் அந்நிய நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் லாபம் பார்த்தன; அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் செய்த வியாபாரத்தில் வந்தது.

2025 ஜூலையில் ஜேன் ஸ்ட்ரீட் மீது செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவைப் பொறுமையாகப் படித்தால் அந்த எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று புரியும். (ஜேன் ஸ்ட்ரீட் ஹெட்ஜ் ஃபண்ட் இல்லை, சொந்தப் பணத்தில் ஆடும் நிறுவனம், சின்ன வியாபாரிக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை.) 2024 ஜனவரி 17 அன்று காலையில் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வங்கிப் பங்குகளையும் அவற்றின் ஃப்யூச்சர்களையும் வாங்கி, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியை உயர்த்திக்கொண்டே, அதைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் குறியீடு இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களை எடுத்து வைத்து, பிற்பகலில் பங்குகளை விற்றுத் தள்ளியது என்பது செபியின் குற்றச்சாட்டு. அன்றைய ஆப்ஷன் லாபமாகச் சுமார் 735 கோடியை உத்தரவு குறிப்பிடுகிறது. நிறுவனம் இதை மறுத்து மேல்முறையீட்டுக்குச் சென்றிருக்கிறது. செபி கேட்ட 4,843.57 கோடியையும் தனிக் கணக்கில் செலுத்திவிட்டது. வழக்கு எப்படி முடிந்தாலும், சேலத்தில் இருந்துகொண்டு குறியீடு ஏறினால் லாபம் தரும் கால் ஆப்ஷனைக் கைப்பேசியில் வாங்கியவருக்கு அன்று காலை திரையில் தெரிந்தது ஏறுகிற ஒரு கோடு மட்டும்தான்.

அதனால் யாராவது கேம்ஸ்டாப் பேச்சை எடுத்தால், கீத் கில் பங்கை வாங்கிய நாளில் கூட்டம் எதுவும் இல்லை, கம்பெனியின் கணக்கு வழக்கை மட்டும் பார்த்துத்தான் வாங்கினார் என்பதைச் சொல்லிவிட்டு, அறிக்கையில் தரகுப் பத்தியைத் தனியாகக் கூட்டிக் காட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் அந்தக் கூட்டுத்தொகையை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். பிறகு வேலை சாதாரணமானது: எஃப் அண்ட் ஓ நட்டம் வியாபார நட்டமாகையால் ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவத்தில் உரிய தேதிக்குள் காட்ட வேண்டும், சம்பளத்தில் கழிக்க முடியாது, எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் சென்று வியாபார லாபத்தில் கழிக்கலாம். பட்டறை லாபம் பிள்ளையின் பெயரில் இருந்தால் அதில் கழியும். அப்பா பெயரில் இருந்தால் கழியாது, அதை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் முடியாது என்றுதான் சொல்கிறேன்.